கழிக்க முடியாத கணக்கு

2003 ஜனவரி 28 அன்று இரவு, அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கூடியிருந்த மண்டபத்தில் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் தம் ஆண்டு உரையை நிகழ்த்தினார். வரிக் குறைப்பு, முதியோரின் மருந்துச் செலவு, ஹைட்ரஜனில் ஓடும் கார் என்று உள்நாட்டு விஷயங்களைச் சொல்லிக்கொண்டு வந்தவர், நடுவில் ஆப்பிரிக்காவின் பக்கம் திரும்பினார். அங்கே ஏறக்குறைய 3 கோடிப் பேர் எய்ட்ஸ் கிருமியோடு வாழ்கிறார்கள், அவர்களில் 30 லட்சம் பேர் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், 40 லட்சத்துக்கு மேற்பட்டோருக்கு உடனே மருந்து வேண்டும், கிடைப்பதோ 50,000 பேருக்கு என்றார். ஒரு நோயாளிக்கு ஓராண்டுக்கு ஆகும் மருந்துச் செலவு 12,000 டாலரிலிருந்து 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டதையும் சொன்னார். ஐந்து ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் கேட்டார். மேலே மாடத்தில், அதிபரின் மனைவியுடைய விருந்தினராக உகாண்டா மருத்துவர் பீட்டர் முக்யேனி உட்கார்ந்திருந்தார்.

உரையின் பிற்பகுதி ஈராக்கைப் பற்றியது. அங்கேயும் ஆப்பிரிக்கா வந்தது. சதாம் உசேன் அண்மையில் ஆப்பிரிக்காவிலிருந்து கணிசமான அளவு யுரேனியம் வாங்க முயன்றதைப் பிரிட்டிஷ் அரசு அறிந்திருக்கிறது என்றார் புஷ். ஆங்கிலத்தில் 16 சொற்கள். ஏழு வாரம் கழித்து, மார்ச் 20 விடியும் நேரத்தில், பாக்தாத்தின்மீது குண்டுகள் விழத் தொடங்கின.

முதலில் சொன்னது பெப்ஃபார் என்ற பெயரில் திட்டமாயிற்று. அது இதுவரை இரண்டரைக் கோடி உயிர்களைக் காத்திருக்கிறது என்பது அமெரிக்க அரசின் மதிப்பீடு. அந்த எண்ணோடு உடன்படாதவர்கள்கூட, ஒரே ஒரு நோயை எதிர்த்து ஒரு நாடு செய்த ஆகப்பெரிய செலவு அதுதான் என்பதை மறுப்பதில்லை. அடுத்துச் சொன்னது போராயிற்று. ஈராக்கில் செத்தவர்களைச் செய்திகளிலிருந்தும் மருத்துவமனைப் பதிவுகளிலிருந்தும் ஒவ்வொருவராகத் திரட்டி எண்ணிவரும் குழு, வன்முறையில் மாண்ட பொதுமக்கள் மட்டுமே 2 லட்சத்தை ஒட்டி இருப்பார்கள் என்கிறது. பதிவில் ஏறாமல் செத்தவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. சுத்தமான தண்ணீர் இல்லாமல், மருந்து இல்லாமல், மருத்துவமனைக்குப் போகும் வழியில் செத்தவர்களும் இல்லை.

இந்த மனிதரை எப்படி மதிப்பிடுவது? அமெரிக்க அதிபர்களின் வெளியுறவுக் கொள்கை பற்றிப் பேசும்போதெல்லாம் என் முன்னால் வந்து நிற்பது இந்தக் கேள்விதான். இதற்கு எளிதான பதில் ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. கூட்டிக் கழித்துப் பார்த்தால் புஷ் கொன்றவர்களைவிடக் காப்பாற்றியவர்கள் அதிகம், ஆகவே வரலாறு அவரை மன்னிக்கும் என்பது அந்தப் பதில். அமெரிக்கக் கட்டுரையாளர்கள் சிலர் இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். வேறு பலர் சொல்லாமல் மனத்துக்குள் வைத்திருக்கிறார்கள். அது அநியாயமான பதில்.

உகாண்டாவின் கம்பாலாவில் மாத்திரை கிடைத்துப் பிழைத்த தாய், பாக்தாத்தில் பிள்ளையை இழந்த தாய்க்கு எந்தக் கடனும் பட்டவள் அல்ல. அவள் பிழைத்ததால் இவளுடைய இழப்பில் ஒரு துளியும் குறையவில்லை. கழித்தல் கணக்குப் போட வேண்டுமானால் இருவருடைய பெயரும் ஒரே பேரேட்டில் இருக்க வேண்டும். அப்படி ஒரு பேரேடு வாஷிங்டனில் மட்டும்தான் இருக்கிறது. அதிபரின் மேசையிலிருந்து பார்த்தால் உகாண்டாவும் ஈராக்கும் வரவு, செலவு என்ற இரண்டு பத்தியாகத் தெரியும். உகாண்டாவிலிருந்தோ ஈராக்கிலிருந்தோ பார்த்தால் அப்படித் தெரியாது. உலகத்தைப் பொறுத்தவரை ஒரு கண்ணில் வெண்ணெயும் மறு கண்ணில் சுண்ணாம்பும் வைத்தவரிடம், இரண்டையும் சேர்த்து நிறுத்து எடை சொல் என்று யாரும் கேட்பதில்லை. சுண்ணாம்பு பட்ட கண் போனது போனதுதான்.

அமெரிக்காவில் அதிபர்களுக்கு வரிசை எண் கொடுக்கும் வழக்கம் 1948-இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் 55 வரலாற்று அறிஞர்களிடம் கருத்துக் கேட்டு 'லைஃப்' இதழில் வெளியிட்டதிலிருந்து வேரூன்றியது. இப்போது சி-ஸ்பான் தொலைக்காட்சி, ஆட்சி மாறும்போதெல்லாம் அறிஞர்களைக் கேட்டு அப்படியொரு பட்டியல் வெளியிடுகிறது. பத்துத் தகுதிகள், ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண், பிறகு மொத்தம். பத்தில் ஒன்று பன்னாட்டு உறவு. அந்தப் பட்டியலில் புஷ் 2009-இல் 36-ஆம் இடத்தில் இருந்தார். 2017-இல் 33. 2021-இல் 29. இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஈராக் போரைப் பற்றி அவருக்குச் சாதகமாகப் புதிதாக எந்த உண்மையும் வெளிவரவில்லை. 2016-இல் வந்த பிரிட்டனின் சில்காட் அறிக்கை, போருக்குச் சொன்ன காரணங்களின் அடித்தளத்தையே கேள்விக்குள்ளாக்கியது. அப்படியிருந்தும் அவர் ஏறினார். அவருக்குப் பின்னால் வந்தவர்களோடு, குறிப்பாக டொனால்ட் டிரம்போடு வைத்துப் பார்த்ததால் ஏறினார் என்றே நான் கருதுகிறேன். பின்னால் வந்தவரின் குணம், முன்னால் போனவர் செய்ததை எப்படி மாற்ற முடியும்? ஈராக்கின் ஃபல்லூஜாவில் புதைக்கப்பட்டவர்களுக்கு 36-ம் 29-ம் ஒன்றுதான்.

அந்த அறிஞர்கள் நேர்மையற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி. டாலஸில் 2013-இல் திறக்கப்பட்ட புஷ் நூலகத்தில் பார்வையாளர்களுக்கென்று ஒரு சிறு அரங்கம் அமைத்திருந்தார்கள். தொடுதிரைக்கு முன்னால் போய் நிற்க வேண்டும். ஈராக் படையெடுப்பு, கத்ரினா புயல், நிதி நெருக்கடி போன்றவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஆலோசகர்கள் திரையில் வந்து ஆளுக்கொன்று சொல்வார்கள். இடையிடையே அவசரச் செய்தி வரும். சில நிமிடங்களுக்குள் முடிவெடுத்து வாக்களிக்க வேண்டும். கடைசியில் புஷ்ஷே திரையில் தோன்றித் தாம் ஏன் அப்படி முடிவெடுத்தோம் என்பதை விளக்குவார். முடிவெடுப்பவனின் நெருக்கடியைப் புரியவைக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தத் திரைக்கு முன்னால் நிற்பவருக்குக் கிடைக்கும் ஒரே பார்வைக் கோணம் அதிபருடையது. குண்டு விழும் வீட்டின் கோணம் அங்கே இல்லை. அமெரிக்க அதிபர்களைப் பற்றிய மதிப்பீடுகளில் பெரும்பாலானவை, வெளிநாட்டிலிருந்து எழுதப்படுபவையும்கூட, இந்த அரங்கத்துக்குள் நின்று எழுதப்பட்டவையாகவே எனக்குத் தோன்றுகின்றன.

பதவிக்காலத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் அந்த மேசையின் வசதிதான். 1980-இல் பாக்தாத்தில் பிறந்த ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவள் பிறந்த ஆண்டு செப்டம்பரில் ஈரானோடு போர் தொடங்கியது. அவளுக்கு மூன்று வயதானபோது, 1983 டிசம்பரில், ரீகனின் தூதராக டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் வந்து சதாமின் கையைக் குலுக்கினார். எட்டு வயதில், ஹலப்ஜாவில் குர்து மக்கள்மீது சதாமின் படை நச்சுவாயுக் குண்டு போட்டது. வாஷிங்டன் சதாமைக் கைவிடவில்லை. பத்துப் பதினொரு வயதில் மூத்த புஷ்ஷின் போர். அது முடியும் தறுவாயில் ஈராக் மக்களே எழுந்து சதாமைத் தள்ளட்டும் என்று அவர் அழைத்தார். தெற்கே ஷியாக்களும் வடக்கே குர்துகளும் எழுந்தார்கள். எழுந்தவர்களைச் சதாமின் ஹெலிகாப்டர்கள் வேட்டையாடியபோது அமெரிக்கப் படை பார்த்துக்கொண்டிருந்தது. அவளுடைய பள்ளிப் பருவம் முழுவதும் பொருளாதாரத் தடை. கிளிண்டன் அதைத் தொடர்ந்தார். 23 வயதில் இளைய புஷ் வந்தார். 31 வயதில் ஒபாமா படைகளைத் திரும்பப் பெற்றார். 34 வயதில் மோசூல் ஐஎஸ் கைக்குப் போனது. இதை ரீகன், புஷ், கிளிண்டன், புஷ், ஒபாமா என்று ஐந்து துண்டாக வெட்டி, குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி என்று இரண்டு வண்ணம் பூசி, தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள். அவளுக்கு அது ஒரே வாழ்க்கை.

அப்படியானால் எதை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்வது? நோக்கத்தை வைத்துச் சொன்னால் எல்லா அதிபர்களும் தப்பித்துவிடுவார்கள், எல்லோரும் நல்ல நோக்கத்தைத்தான் சொல்கிறார்கள். விளைவை மட்டும் வைத்துச் சொன்னால் அதிர்ஷ்டசாலிகள் தப்பித்துவிடுவார்கள். அந்த ஜனவரி உரையின் இரண்டு பகுதிகளும் எப்படி உருவாயின என்பதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தபோது எனக்கு ஒரு வழி தெரிந்தது. முடிவெடுக்கும் அறைக்குள் யாரை விட்டார், யாரை வெளியே அனுப்பினார், தெரிந்துகொள்ள விரும்பியது எதை, தெரிந்துகொள்ளாமல் இருக்க விரும்பியது எதை என்று பார்ப்பது.

எய்ட்ஸ் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஆப்பிரிக்கர்களுக்கு இந்த மருந்தைக் கொடுத்துப் பயனில்லை, கடிகாரம் பார்த்து மாத்திரை போடும் பழக்கம் அவர்களுக்கு இல்லை என்று 2001-இல் சொன்னவர் வேறு யாருமல்ல, புஷ் நியமித்த அமெரிக்க உதவி அமைப்பின் தலைவர். அரசின் சொந்த வாய் அப்படிப் பேசிக்கொண்டிருந்தது. 2002-இல் தாயிடமிருந்து குழந்தைக்குக் கிருமி பரவுவதைத் தடுக்க 50 கோடி டாலர் திட்டம் ஒன்று அறிவிக்கப்பட்டதும், அரசின் தொற்றுநோய் ஆய்வு நிறுவனத் தலைவர் ஆந்தனி ஃபவுச்சியிடம் இதைவிடப் பெரிதாக யோசித்துக்கொண்டு வாருங்கள் என்று வெள்ளை மாளிகை சொன்னது. அவர் ஆப்பிரிக்காவுக்குப் போய்ப் பார்த்தார். கம்பாலாவில் முக்யேனி ஏற்கெனவே இதைச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். காப்புரிமைச் சிக்கல்களை எதிர்த்து நின்று, இந்தியாவில் தயாரான மருந்தை உகாண்டாவுக்குள் கொண்டுவந்த மனிதர் அவர். மாத்திரை வாங்கிக்கொண்டவர்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், பிழைத்தார்கள்.

அந்த மருந்து மும்பையின் சிப்லா நிறுவனத்துடையது. 2001 பிப்ரவரியில் அதன் தலைவர் யூசுஃப் ஹமீத், மூன்று மருந்துகளின் கூட்டை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர் விலையில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்குத் தருவதாக அறிவித்தார். ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. உலகச் சந்தையே ஆடிப்போனது. புஷ் தம் உரையில் பெருமையோடு சொன்ன அந்த 300 டாலர் வாஷிங்டனில் பிறந்த எண் அல்ல. பணக்கார நாடுகளில் அதே மருந்துகள் பத்தாயிரம் டாலருக்கு மேல் விற்றபோது இந்தியாவில் இறங்கிய விலை அது. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்த காலத்திலிருந்து தாம்பரம் சானடோரியத்துக்குள் மருந்தில்லாமல் கிடந்தவர்களைப் பார்த்தவர்களுக்கு, அந்த விலை இறங்கியது எத்தகைய செய்தி என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

திட்டத்துக்கு எண்களில் இலக்கு வைத்தார்கள். 20 லட்சம் பேருக்குச் சிகிச்சை, 70 லட்சம் புதிய தொற்றுகளைத் தடுப்பது. எத்தனை பேர் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று ஆண்டுதோறும் கணக்குக் கொடுக்க வேண்டும். தவறினால் தெரிந்துவிடும். தவறு தெரிந்துவிட வேண்டும் என்று விரும்பியவர்கள் வகுத்த திட்டம்.

இப்போது ஈராக். யுரேனியச் செய்திக்கு ஆதாரமாக அமெரிக்கர்களின் கைக்கு வந்திருந்தவை நைஜர் நாட்டுக் கடிதங்கள் என்று சொல்லப்பட்ட சில தாள்கள். பன்னாட்டு அணுசக்தி முகமை அவற்றை வாங்கிப் பார்த்தபோது, போலி என்று கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. 2000-ஆம் ஆண்டுத் தேதியிட்ட ஒரு கடிதத்தில், பல ஆண்டுகளுக்கு முன்பே பதவியிலிருந்து போய்விட்ட ஓர் அமைச்சரின் கையெழுத்து இருந்தது. முகமையின் தலைவர் எல்பரதேய் 2003 மார்ச் 7 அன்று, போர் தொடங்க இரண்டு வாரம் இருக்கும்போதே, பாதுகாப்பு அவையில் இதை வெளிப்படையாகச் சொன்னார். அதற்கும் முன்னால், 2002 அக்டோபரில் சின்சினாட்டியில் புஷ் பேசவிருந்த உரையிலிருந்து இதே யுரேனியச் செய்தியை சிஐஏ தலைவர் ஜார்ஜ் டெனட் சொல்லி எடுக்கவைத்திருந்தார். வெளியுறவுத் துறையின் உளவுப் பிரிவும் இது ஐயத்துக்குரியது என்று எழுத்தில் கொடுத்திருந்தது. எடுக்கப்பட்ட செய்தி மூன்று மாதம் கழித்துப் பிரிட்டன் சொல்கிறது என்ற முன்னொட்டோடு திரும்பி வந்தது. போர் தொடங்கிய பிறகு, ஜூலையில், அது உரையில் இடம்பெற்றிருக்கக் கூடாது என்று வெள்ளை மாளிகை ஒப்புக்கொண்டது.

கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது? போருக்கு 10,000 கோடியிலிருந்து 20,000 கோடி டாலர்வரை ஆகலாம் என்று சொன்ன பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லின்ட்சே 2002 டிசம்பரில் பதவியில் இல்லை. பின்னாளில் ஆன செலவு அவர் சொன்னதைப் போலப் பல மடங்கு. ஈராக்கைக் கட்டுக்குள் வைத்திருக்கப் பல லட்சம் வீரர்கள் வேண்டும் என்று 2003 பிப்ரவரி 25 அன்று செனட் குழுவிடம் தரைப்படைத் தளபதி எரிக் ஷின்செக்கி சொன்னார். இரண்டு நாள் கழித்துப் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலர் பால் உல்ஃபோவிட்ஸ் நாடாளுமன்றக் குழு முன் வந்து, இது அடியோடு தவறான மதிப்பீடு என்று தள்ளினார். சதாமுக்குப் பிறகு மின்சாரம், தண்ணீர், நீதிமன்றம் எல்லாம் எப்படி நடக்க வேண்டும் என்று வெளியுறவுத் துறை, புலம்பெயர்ந்த ஈராக்கியர்களை வைத்துத் தயாரித்த தொகுதிகள் அலமாரியில் கிடந்தன. மே 23 அன்று பாக்தாத்தில் அமெரிக்க நிர்வாகத்தின் தலைவர் பால் பிரெமர் ஓர் ஆணையில் கையெழுத்திட்டு ஈராக் ராணுவத்தைக் கலைத்தார். லட்சக்கணக்கான ஆண்கள் துப்பாக்கியோடும் சம்பளமில்லாமலும் வீட்டுக்குப் போனார்கள். உள்நாட்டுப் போருக்கு ஆள் சேர்க்க அதற்கு மேல் யாரும் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை.

பாக்தாத்தில் முத்தனப்பி தெரு என்று ஒன்று உண்டு. பத்தாம் நூற்றாண்டுக் கவிஞரின் பெயர் தாங்கிய புத்தகத் தெரு. வெள்ளிக்கிழமைகளில் நடைபாதையில் சாக்கு விரித்துப் பழைய புத்தகங்களைப் பரப்புவார்கள். கெய்ரோ எழுதும், பெய்ரூத் அச்சிடும், பாக்தாத் படிக்கும் என்று அரபு உலகில் ஒரு சொல்வழக்கு உண்டு. தடைக்காலத்தில் பேராசிரியர்கள் தம் சொந்த நூலகங்களை அந்தத் தெருவில்தான் கொண்டுவந்து விற்றார்கள். 2007 மார்ச் 5 அன்று அங்கே ஒரு கார் குண்டு வெடித்தது. முப்பது பேரளவில் செத்தார்கள். தெருவின் முனையிலிருந்த ஷாபந்தர் தேநீர்க் கடையின் உரிமையாளர் தம் மகன்களையும் ஒரு பேரனையும் ஒரே நாளில் இழந்தார். அவர் கடையை மீண்டும் திறந்தார். இறந்தவர்களின் படங்கள் சுவரில் தொங்குகின்றன. அந்தக் குண்டை வைத்தவன் அமெரிக்கன் அல்ல. ஆனால் அந்தக் குண்டு வெடிக்கக்கூடிய நகரத்தை உண்டாக்கியது யார் என்ற கேள்வியிலிருந்து வெள்ளை மாளிகை விலக முடியாது. நாலு பேர் கூடி ஒரு பத்திரிகை நடத்தி, நானூறு பேர் படித்தால் போதும் என்று நினைக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு, அந்தத் தெருவின் இழப்பு ஒரு எண்ணாகத் தெரிய வாய்ப்பில்லை.

ஒரே மனிதர், அதே மாதங்கள். ஒன்றில் மறுப்பைத் தேடிப் போய்க் கேட்டார்கள், மற்றொன்றில் மறுத்தவர்களை வெளியே அனுப்பினார்கள். புஷ்ஷைப் பற்றிய என் தீர்ப்பு இதிலிருந்துதான் பிறக்கிறது. அவரால் முடியாமல் போகவில்லை. உண்மையைத் தேடி முடிவெடுக்க அவருக்குத் தெரியும் என்பதற்குப் பெப்ஃபாரே சாட்சி. அதனால் பெப்ஃபார் அவருடைய ஈராக் குற்றத்தைக் குறைக்கவில்லை. கூட்டுகிறது.

பெப்ஃபாரும் மாசற்றதாக இருக்கவில்லை. எங்கே அறைக்குள் மருத்துவரின் குரல் அடங்கி மதபோதகரின் குரல் உயர்ந்ததோ அங்கே அதுவும் தவறியது. தடுப்புப் பணிக்கான தொகையில் மூன்றில் ஒரு பங்கு, திருமணம்வரை உடலுறவைத் தவிர்க்கச் சொல்லும் பிரசாரத்துக்கு என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பாலியல் தொழிலை எதிர்ப்பதாக உறுதிமொழி கொடுத்தால்தான் பணம் என்றார்கள். 2005-இல் பிரேசில் அந்த நிபந்தனையை ஏற்க மறுத்து 4 கோடி டாலரை வேண்டாமென்று சொன்னது. பாலியல் தொழிலாளர்களோடு சேர்ந்து வேலை செய்துதான் தொற்றைக் கட்டுப்படுத்தினோம் என்று பிரேசில் சொன்னதில் நியாயம் இருந்தது.

நம்மிடையேயும் ஒரு குறை உண்டு. ஈராக் போரை எதிர்த்து நம் சிற்றிதழ்களில் பக்கம் பக்கமாக எழுதப்பட்டது. எழுதப்பட வேண்டியதுதான். பெப்ஃபார் பற்றித் தமிழில் நான் படித்தவை மிகக் குறைவு. ஏகாதிபத்தியம் என்ற சொல்லைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு தான்சானியாவின் கிராமத்தில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டியதில்லை என்ற எண்ணம், கூட்டிக் கழிக்கும் கணக்குக்கு எந்த வகையிலும் மேலானதல்ல. 2008 பிப்ரவரியில் புஷ் தார் எஸ் சலாமுக்குப் போனபோது அவர் முகம் அச்சிட்ட துணியை உடுத்திக்கொண்டு பெண்கள் தெருவில் நின்றார்கள். அதே ஆண்டு டிசம்பர் 14 அன்று பாக்தாத்தில் முன்தஜர் அல்-ஸைதி என்ற செய்தியாளர் தம் இரண்டு செருப்புகளையும் கழற்றி அவர்மீது எறிந்தார். இரண்டாவதை எறிந்தபோது, இது விதவைகளுக்காகவும் அனாதைகளுக்காகவும் என்று கத்தினார். சிறையில் ஒன்பது மாதம் இருந்தார். அந்தத் துணியும் உண்மை, அந்தச் செருப்பும் உண்மை. இரண்டையும் முழுதாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

புஷ்ஷின் இரண்டு செயல்களுக்கும் இடையே தொடர்பில்லை, அதனால்தான் கழிக்க முடியாது என்று யாராவது சொல்லலாம். தொடர்பு இருந்தால்? நிக்சனின் 1971 அப்படிப்பட்டது. சீனாவோடு அமெரிக்கா பேசத் தொடங்கியதை நவீன ராஜதந்திரத்தின் உச்சம் என்று எல்லாப் பாடநூலும் எழுதுகிறது. அதற்கான ரகசியத் தூது பாகிஸ்தானின் யாஹ்யா கான் வழியாகப் போனது. அந்த மாதங்களில்தான் யாஹ்யாவின் படை கிழக்கு வங்காளத்தில் மக்களைக் கொன்று குவித்துக்கொண்டிருந்தது. டாக்காவின் அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், ஏப்ரல் 6 அன்று தம் அலுவலகத்தின் இருபது பேரோடு சேர்ந்து, நம் அரசு அறத்தில் தோற்றுவிட்டது என்ற பொருளில் வாஷிங்டனுக்குத் தந்தி அனுப்பினார். அவரை அங்கிருந்து மாற்றினார்கள். ஏப்ரல் கடைசியில், யாஹ்யாவை இப்போது நெருக்காதீர்கள் என்று நிக்சன் தம் கையாலேயே எழுதிய குறிப்பு ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. 'வேண்டாம்' என்ற பொருள் தரும் சொல்லின் கீழ் மூன்று கோடுகள். ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி இந்தியாவுக்குள் வந்தார்கள்.

சீனக் கதவு திறக்க அந்த விலையைக் கொடுத்தே தீர வேண்டியிருந்தது என்பது நிக்சனின் பாதுகாப்பு ஆலோசகர் கிசிஞ்சரின் வாதம். ஆனால் ருமேனியா வழியாகவும் தூது போய்க்கொண்டிருந்தது. ஜூலை 9 அன்று கிசிஞ்சர் இஸ்லாமாபாத்திலிருந்து ரகசியமாகப் பெய்ஜிங் போய்ச் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்துத் திரும்பிய பிறகு பாரிஸ் வழியாக நேரடித் தொடர்பே ஏற்பட்டுவிட்டது. யாஹ்யாவின் தபால் வேலை அத்தோடு முடிந்தது. ஆனாலும் ஆதரவு டிசம்பர்வரை நீடித்தது. அமெரிக்காவின் என்டர்பிரைஸ் போர்க்கப்பல் வங்கக் கடலுக்குள் வந்ததை நம் மூத்த தலைமுறை மறந்திருக்காது. தேவைக்காகக் கொடுத்த விலை என்றால், தேவை முடிந்த அன்று ஏன் நிறுத்தவில்லை? அங்கேயும் பிளட்டின் தந்தி அறைக்குள் வந்தது. படித்தார்கள். எழுதியவரை வெளியே அனுப்பினார்கள்.

கிளிண்டனின் ருவாண்டாவைப் பற்றி அதிகம் எழுத மனம் வரவில்லை. 1994 ஏப்ரல் 21 அன்று, கொலைகள் உச்சத்தில் இருக்கும்போது, ஐ.நா. அமைதிப் படையை 270 பேராகக் குறைக்கப் பாதுகாப்பு அவையில் வாக்களித்த அரசுகளில் அவருடையதும் ஒன்று. எட்டு லட்சம் பேரளவில் செத்தார்கள். நான்கு ஆண்டுகள் கழித்துக் கிகாலிக்குப் போய், விமான நிலையத்திலேயே தப்பிப் பிழைத்தவர்களைச் சந்தித்து, நடந்ததன் ஆழத்தை உணரத் தவறினோம் என்று பேசினார். சில மணி நேரத்தில் விமானம் கிளம்பிவிட்டது. அவர் அரசுக்குத் தகவல் வராமலில்லை. அதே அரசின் ஆவணங்களே பின்னாளில் அதைக் காட்டின.

இதையெல்லாம் விட என்னைக் கோபப்படுத்துவது இரண்டு சிரிப்புகள். 2004 மார்ச்சில், வாஷிங்டன் செய்தியாளர்களின் விருந்தில், புஷ் தம் அலுவலக மேசைக்கு அடியில் குனிந்து தேடும் படங்களைத் திரையில் காட்டி, அந்தப் பேரழிவு ஆயுதங்கள் இங்கேதான் எங்கோ இருக்க வேண்டும் என்றார். கூடம் சிரித்தது. ஈராக்கில் அன்று அமெரிக்க வீரர்களும் ஈராக்கியர்களும் செத்துக்கொண்டிருந்தார்கள். 2022 மே மாதம் டாலஸில், உக்ரைனை ஆக்கிரமித்த புதினைக் கண்டித்துப் பேசும்போது, தனியொருவர் முடிவெடுத்து நடத்திய நியாயமற்ற, கொடூரமான ஈராக் படையெடுப்பு என்று வாய் தவறிச் சொன்னார். திருத்திக்கொண்டு, ஈராக்கும்தான் என்று முணுமுணுத்தார். வயதைக் காரணம் காட்டினார். மறுபடியும் கூடம் சிரித்தது. சிரித்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். செத்தவர்களில் ஒருவரைக்கூட அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மதிப்பெண் போடும் பட்டியலும் அதே கூடத்தில்தான் தயாராகிறது.

2025 ஜனவரியில் டிரம்ப் வெளிநாட்டு உதவிகளை நிறுத்திவைத்தார். அமெரிக்க உதவி அமைப்பே கலைக்கப்பட்டு ஜூலை 1 அன்று அதன் பணிகள் வெளியுறவுத் துறைக்குள் போயின. அதற்கு முந்தைய நாள், விடைபெறும் ஊழியர்களுக்கு ஒபாமாவோடு புஷ்ஷும் காணொளியில் பேசினார். செத்துப்போயிருக்க வேண்டிய இரண்டரைக் கோடிப் பேர் உயிரோடிருப்பது நம் நாட்டின் நலனுக்கு உகந்ததா என்று கேட்டு, ஆம் என்று தாமே பதில் சொன்னார். சரியான கேள்வி. அந்தக் கேள்வியை அவர் கேட்டதற்காக நான் அவரை மதிக்கிறேன். உயிரோடிருந்திருக்க வேண்டிய ஈராக்கியர்கள் செத்தது யாருடைய நலனுக்கு உகந்தது என்ற மறு கேள்வியை அவர் இன்றுவரை பொதுவில் கேட்டதில்லை.

ஒரே ஒரு இடத்தில் அது வேறு வடிவில் கேட்கப்பட்டது. அபு கிரைப் சிறையில் 2003-04-இல் சித்திரவதைக்கு ஆளான மூன்று ஈராக்கியர்கள், ஒருவர் பள்ளித் தலைமையாசிரியர், ஒருவர் பழ வியாபாரி, ஒருவர் தொலைக்காட்சிச் செய்தியாளர், 2008-இல் அமெரிக்காவில் வழக்குத் தொடர்ந்தார்கள். அதிபர்மீது தொடர முடியாது. அரசுக்கும் சட்டப் பாதுகாப்பு உண்டு. அங்கே விசாரணையாளர்களை வேலைக்கு அனுப்பிய ஒப்பந்த நிறுவனத்தின்மீது தொடர்ந்தார்கள். வழக்கைத் தள்ளுபடி செய்யச் சொல்லி நிறுவனம் திரும்பத் திரும்ப மனுப் போட்டது. 2024 ஏப்ரலில் நடந்த முதல் விசாரணையில் ஜூரிகளால் ஒருமித்த முடிவுக்கு வர முடியவில்லை. நவம்பரில் மீண்டும் நடந்தது. வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியா நீதிமன்றத்தில், வரலாற்றறிஞர்கள் அல்லாத, அந்தப் பகுதியின் சாதாரணக் குடிமக்கள் ஜூரிகளாக உட்கார்ந்து, மூன்று பேருக்கும் என்ன நடந்தது என்பதை அவரவர் வாயாலேயே கேட்டார்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் 1 கோடியே 40 லட்சம் டாலர் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.